அழித்த பிறகும் வேலை இருக்கிறது

தைப்பூசத்தின்போது பினாங்கில் இரதம் வரும் பாதையில் குவியல் குவியலாகத் தேங்காய்கள் உடைக்கப்படுகின்றன. துப்புரவுப் பணியாளர்கள் கூட்டத்திற்குள் அவசரமாகப் புகுந்தால் பக்தர்களுக்கு இடையூறு. தாமதித்தால் இரதம் நகராது. பல சர்வர்களில் பரவியுள்ள தரவுச் சேமிப்பகங்களுக்கும் இதே சிக்கல் உண்டு.

நாம் அழிக்கும் படம் அங்கே உடனே நீங்கிவிடுவதில்லை. கூகள் தனது கோப்பு முறைமை பற்றி 2003இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதை விளக்குகிறது. அழிக்கப்பட்ட கோப்பு முதலில் பெயர் மாற்றி மறைத்து வைக்கப்படும். வழக்கமாக 3 நாள் கழிந்த பிறகே அது நீக்கப்படும். தலைமைக் கணினிக்கு வேலை குறைவாக இருக்கும் நேரத்தில் இந்தத் துப்புரவு நடக்கும்.

துப்புரவும் பயனர் பயன்படுத்தும் அதே வட்டையும் வலையமைப்பையும்தான் பயன்படுத்துகிறது. கட்டுப்பாடின்றி ஓடவிட்டால் பயனர் காத்துக்கிடப்பார். அதனால்தான் கசாண்ட்ரா போன்ற தரவுத்தளங்களில் இந்த வேலைக்கு வேக வரம்பு வைக்க வசதி உள்ளது.

வேகம் போதாமல் போனாலும் ஆபத்துதான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் எண் கொடுக்கிறது. அந்த எண்களுக்கு எல்லை உண்டு. பழையவற்றைத் துப்புரவு நிரல் ஒழுங்குபடுத்தாவிட்டால், தரவைக் காக்க அது புதிய பதிவுகளையே மறுத்துவிடும். 2019 பிப்ரவரியில் மாண்ட்ரில் மின்னஞ்சல் சேவைக்கு இதுதான் நேர்ந்தது. துப்புரவு பின்தங்கியதால் ஒரு நாளுக்கும் மேலாகச் சேவை பாதிக்கப்பட்டது.

ஆகவே, ஒரு வேக வரம்பை நிர்ணயித்துவிட்டு மறந்துவிடுவது அரைத் தீர்வே என்பது என் கருத்து. பயனர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், எவ்வளவு துப்புரவு தேங்கியிருக்கிறது என்ற இரண்டையும் பார்த்தே வேகம் கூடவோ குறையவோ வேண்டும். நெரிசல் நேரத்திலும் அது முற்றாக நிற்கக்கூடாது. இன்று ஒத்திவைத்த வேலை நாளை இரட்டிப்பாக வந்து நிற்கும்.

பினாங்கு மாணவர்களுக்கு இது தூரத்து விஷயமன்று. பத்து காவானில் நினைவகச் சில்லுத் துறையின் பெரிய ஆலைகள் இயங்குகின்றன. ஓர் எஸ்எஸ்டி வட்டுக்குள்ளும் இதே போராட்டம்தான். அதில் பழைய தரவின் மேல் நேரடியாக எழுத முடியாது. ஒரு தொகுதி முழுவதையும் துடைத்த பிறகே எழுத முடியும். வட்டு நிரம்ப நிரம்பத் துடைக்கும் வேலை கூடி, எழுதும் வேகம் குறைகிறது.

ஆனால் நம் கல்லூரிச் செயல்திட்டங்களில் 'சேமி', 'அழி' என்ற இரண்டு பொத்தான்கள் வேலை செய்தால் போதும், புள்ளிகள் கிடைத்துவிடும். அழித்த பிறகு என்ன நடக்கிறது என்று விரிவுரையாளர்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் நிரலில் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரவை எழுதி அழியுங்கள். துப்புரவு வேகத்தை மூன்று அளவுகளில் மாற்றி, காத்திருப்பு நேரத்தையும் மீதி இடத்தையும் வரைபடமாக்குங்கள். நேர்முகத் தேர்வில் காட்ட உங்களிடம் ஒரு நல்ல வரைபடம் இருக்கும்; அதை விளக்கும் அறிவும் இருக்கும்.