முதல் ஓவர்கிளாக்கிங்கும் முனைவர் பட்டக் கணக்குகளும்

மேசைக்கணினியின் நுண்செயலியை அதன் மீது அச்சிட்ட வேகத்துக்கு மேல் முதன்முறையாக ஓட்டிப் பார்க்கும் மாணவர் அஞ்சுவது ஒன்றுக்கு மட்டுமே: செயலி எரிந்துபோய்விடுமோ என்பதற்கு. இந்த அச்சம் பெரும்பாலும் இடம் மாறி விழுந்த அச்சம். இன்றைய செயலிகள் ஏறத்தாழ 100 பாகை செல்சியசைத் தொட்டதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதற்கும் அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடுகிறது. அணைந்த கணினியால் ஆய்வுக்குப் பெரிய தீங்கில்லை. அணையாமல், தொங்காமல், நீலத்திரை காட்டாமல், இரவெல்லாம் ஒழுங்காக ஓடி, விடியற்காலையில் தவறான விடையைக் கொடுக்கும் கணினியே அஞ்சத்தக்கது. நம் பல்கலைக்கழகங்களில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

(இங்குச் செயலி என்பது கணினியின் மையக் கணிப்பு உறுப்பு, கைப்பேசியில் தரவிறக்கும் மென்பொருள் அன்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் நிலைத்துவிட்டது.)

ஓவர்கிளாக்கிங் என்பதன் அடிப்படை மிக எளிது. பெரும்பாலான இன்றைய கணினிகளில் 100 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓர் அடிப்படைத் துடிப்பு உண்டு. அதை ஒரு பெருக்கி எண்ணால் பெருக்கினால் செயலியின் வேகம் வரும். பெருக்கி 46 என்றால் 4.6 கிகாஹெர்ட்ஸ். பயாஸ் திரையில் அந்த 46ஐ 47 ஆக்குவதும், கணினி நிலைகுலைந்தால் மின்னழுத்தத்தைச் சிறிது உயர்த்துவதும், வெப்பத்தைக் கவனிப்பதும், மறுபடி 48 ஆக்கிப் பார்ப்பதுமே முதல் நாள் வேலை. ஒரே தொழிற்சாலையில், ஒரே பெயரில் வெளிவந்த இரண்டு செயலிகளில் ஒன்று 50 வரை ஏறும். மற்றொன்று 48லேயே மூச்சு வாங்கும். சிலிக்கான் சில்லுகள் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருப்பதில்லை. எல்லாச் சில்லுகளும், எல்லா ஊர்களிலும், பல ஆண்டுகளுக்குத் தாங்கக்கூடிய வேகத்தைத்தான் நிறுவனம் அச்சிடுகிறது. அச்சிட்ட வேகத்துக்கும் உண்மையான தாங்குதிறனுக்கும் இடையே உள்ள அந்த இடைவெளியைத்தான் ஓவர்கிளாக்கிங் செய்பவர் எடுத்துச் செலவழிக்கிறார்.

ஒரு காலத்தில் அந்த இடைவெளி மிகப் பெரியதாக இருந்தது. 1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவுவிலைச் செயலி அதற்குச் சான்று. அதன் பெருக்கி 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் தாய்ப்பலகையின் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450இல் ஓடியது. பாதி மடங்கு வேகம் கூடுதலாக, காசில்லாமல் கிடைத்தது. அன்றைய விலையுயர்ந்த பென்டியம் செயலியின் வேகத்துக்கு அருகே அது வந்து நின்றது. மாணவர்களிடையே இந்தப் பழக்கம் ஒரு வீர விளையாட்டாக மட்டும் பரவவில்லை, ஏழையின் உரிமையாகவும் பரவியது. அதில் நியாயம் இருந்தது.

இன்று அந்த நியாயம் வற்றிவிட்டது. காரணம், இடைவெளியை நிறுவனங்களே முதலில் எடுத்துக்கொள்கின்றன. வெப்பமும் மின்சாரமும் இடம்கொடுக்கும்வரை செயலி தானாகவே உச்ச வேகத்துக்குத் தாவும் ‘டர்போ’ ஏற்பாடு இப்போது எல்லாவற்றிலும் இருக்கிறது. மேலும், இன்டெல்லில் ‘கே’ என்ற எழுத்து ஒட்டிய, விலை கூடிய வகைகளில்தான் பெருக்கி பொதுவாகத் திறந்திருக்கிறது. ஆக, மலிவான செயலியை விலையுயர்ந்ததாக மாற்றும் பழைய வித்தை போய், விலையுயர்ந்ததை வாங்கி அதில் சில விழுக்காடு மட்டும் கறக்கும் வித்தை வந்திருக்கிறது. அந்தச் சில விழுக்காட்டுக்கும் விலை உண்டு. செயலி செலவிடும் மின்திறன் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தைப் பத்து விழுக்காடும், அதற்காக மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடும் உயர்த்தினால், 1.1ஐ மும்முறை பெருக்க வேண்டும்: 1.331. பத்து விழுக்காடு வேகத்துக்கு முப்பத்து மூன்று விழுக்காடு கூடுதல் வெப்பம்.

அந்த வெப்பம் எங்கே போகும் என்பதில்தான் ஊர் நுழைகிறது. ஓவர்கிளாக்கிங் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அறை வெப்பநிலை இருபது பாகையை ஒட்டியிருக்கும் நாடுகளில் எழுதப்படுகின்றன. திருச்சானூரில் மொட்டை மாடியை ஒட்டிய வாடகை அறையில் தங்கி, திருப்பதியின் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்யும் மாணவரை எண்ணிப் பார்க்கலாம். பத்மாவதித் தாயார் கோயிலின் கார்த்திகைப் பிரம்மோற்சவம் நடக்கும் நாட்களில் அவர் தம் கணினியை வேகமேற்றுகிறார். வெளியே வடகிழக்குப் பருவமழையின் ஈரம். அறைக்குள் 24 பாகை. இரவு முழுவதும் சோதனை மென்பொருளை ஓடவிடுகிறார். பிழையே இல்லை. செயலி 82 பாகையில் நிற்கிறது. பஞ்சமி தீர்த்தத்துக்குத் திரண்ட கூட்டம் கலைவதற்குள் அவர் கணினி ‘நிலைப்பட்டுவிட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்.

ஆனால் அக்கினி நட்சத்திரம் வரும். திருப்பதியில் மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டுவது புதிதன்று. காற்றால் குளிரும் செயலியின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலையோடு ஏறத்தாழப் பாகைக்குப் பாகை சேர்ந்தே ஏறும். கார்த்திகையில் 82 என்றால் சித்திரை வைகாசியில் 98. கூலரில் தூசி படிந்திருக்கும். தெர்மல் பேஸ்ட் உலரத் தொடங்கியிருக்கும். அதே அமைப்பு, அதே பெருக்கி, அதே மின்னழுத்தம். ஆனால் கார்த்திகையில் சோதித்த கணினி இதுவன்று. ஆய்வேட்டுக்கான இறுதிக் கணக்குகள் பெரும்பாலும் ஓடுவது இந்தக் கோடையில்தான் என்பது இன்னொரு கொடுமை.

எல்லையைத் தாண்டிய செயலி எப்படித் தவறும் என்பதை 2024இன் நிகழ்ச்சிகள் நன்றாகக் காட்டின. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில் சில நிலையில்லாமல் போயின. செயலி தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதும், அதனால் உள்ளே மீளாத தேய்வு ஏற்பட்டதும் காரணம் என்று நிறுவனமே அறிவித்தது; ஆகஸ்டில் நுண்நிரல் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. கையால் வேகமேற்றாதவர்களுக்கும் இது நேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதைவிட ஆர்வமூட்டுவது, பலருக்கு அது முதலில் தோன்றிய விதம். விளையாட்டு ஒன்றைத் தொடங்கினால் ‘வரைகலை நினைவகம் போதவில்லை’ என்ற செய்தி வந்தது. நினைவகத்தில் குறை ஒன்றுமில்லை. சுருக்கி வைத்த கோப்பைச் செயலி விரிக்கும்போது பிழை செய்தது. அந்தப் பிழை வேறொரு பெயரில் திரையில் எழுந்தது.

இதனோடு ஒப்பிட வேண்டியது 2021இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை. அவர்களுடைய சேவையகம் ஒன்றில் சில கோப்புகள் காணாமல் போயின. துருவிப் பார்த்தபோது, ஒரு செயலியின் ஒரே ஒரு கருவகம், 1.1இன் 53ஆம் அடுக்கைக் கணக்கிட்டு முழு எண்ணாக்கும்போது 156 என்பதற்குப் பதில் 0 என்று விடை தந்தது தெரியவந்தது. 52ஆம் அடுக்கைச் சரியாகவே கணக்கிட்டது. கோப்பின் அளவு சுழியம் என்று வந்ததால், அந்தக் கோப்பு இல்லை என்றே மென்பொருள் கொண்டுவிட்டது. அங்கே எவரும் ஓவர்கிளாக்கிங் செய்திருக்கவில்லை. அச்சிட்ட வேகத்தில் ஓடும் செயலிக்கே இந்த நிலை என்றால், அதன் பாதுகாப்பு இடைவெளியைச் செலவழித்துவிட்டவரின் நிலை என்ன?

இரண்டு நிகழ்ச்சிகளிலும் பிழை அகப்பட்டது கோப்பு விரிப்பில் என்பது தற்செயல் அன்று. விரிப்பில் ஒரு பிட் மாறினாலும் அடுத்தடுத்த எல்லாம் குலையும், சரிபார்ப்புத் தொகை ஒத்துப்போகாது, மென்பொருள் கூச்சலிடும். ஆய்வு மாணவர் எழுதும் நிரலில் அப்படிக் கூச்சலிட எவரும் இல்லை. ஒரு லட்சம் முறை சுழலும் கணக்கில் ஓரிடத்தில் ஒரு பிட் புரண்டால், விடையின் நான்காம் தசம இலக்கம் மாறும். வரைபடம் அழகாகவே இருக்கும்.

திருப்பதி வட்டாரத்துக்கு இது தொலைதூரக் கவலை அன்று. இங்கே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகமும் அதன் பெரிய ரேடாரும் இருக்கின்றன. அதனை ஒட்டி வளிமண்டல ஆய்வு இந்த வட்டாரத்தின் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியிருக்கிறது. வளிமண்டலக் கணக்கின் இயல்பை எட்வர்டு லோரன்ஸ் 1961இல் கண்டார்: தொடக்க மதிப்பில் 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று இட்டபோது, சிறிது காலம் ஒன்றாகச் சென்ற இரண்டு வானிலைகள் பின்னர் முற்றிலும் பிரிந்தன. பிரிந்த வானிலையும் வானிலை போலவே இருந்தது. அதுதான் சிக்கல். புரண்ட பிட்டால் பிறந்த மழையும் மழை போலவே இருக்கும். பார்த்த மாத்திரத்தில் எந்த நெறியாளராலும் அதைப் பிரித்தறிய முடியாது.

‘சோதனை மென்பொருளில் தேறிவிட்டதே’ என்பது வழக்கமான மறுமொழி. அந்தச் சோதனை மென்பொருளின் வரலாற்றையே அதற்கு விடையாகச் சொல்லலாம். ஓவர்கிளாக்கிங் செய்வோர் உரைகல்லாகக் கொள்ளும் பிரைம்95, செயலிகளை வதைப்பதற்காக எழுதப்பட்டதன்று. ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய, மெர்சென் பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சியின் மென்பொருள் அது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் கணினிகளில் கணக்குகள் ஓடின. அந்தக் கணினிகளை நம்ப முடியாது என்பதை அவர்கள் முதலிலேயே உணர்ந்திருந்தார்கள். எனவே கணக்கின் நடுவே தோராயப் பிழையைச் சரிபார்த்தார்கள். ஓர் எண் பகா எண் அன்று என்று ஒரு கணினி சொன்னால், இன்னொரு கணினியில் அதே கணக்கை மறுபடி ஓட்டி இரண்டு விடைகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தார்கள். பின்னாளில் பிழையைத் தானே கண்டுகொள்ளும் கணித முறையையும் சேர்த்தார்கள். ஓவர்கிளாக்கிங் உலகம் அவர்களுடைய மென்பொருளை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய ஐயத்தை விட்டுவிட்டது. ஓர் இரவு பிழையின்றி ஓடியது என்றால் அந்த இரவில், அந்த வெப்பத்தில், அந்த வகைக் கட்டளைகளில் பிழை வரவில்லை என்பது மட்டுமே பொருள்.

ஐயம் என்ன செய்யும் என்பதற்கு 1994 சான்று. இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்த தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர், தம் விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டு, தம் நிரலையும் பிற உறுப்புகளையும் ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் பென்டியம் செயலியின் வகுத்தல் பிழையை உலகுக்குச் சொன்னார். அவரிடம் சிறப்பான கருவி ஏதுமில்லை. ஒரே கணக்கை இரண்டு வழிகளில் செய்யும் பழக்கம் இருந்தது.

நிதிநல்கை போதாத மாணவருக்கு வேகம் தேவைதானே என்று கேட்கலாம். தேவைதான். ஆனால் மோசமாக எழுதிய ஒரு சுழற்சியைத் திருத்தினாலோ, நல்ல கணித நூலகத்தைப் பயன்படுத்தினாலோ, எல்லாக் கருவகங்களையும் வேலைவாங்கினாலோ வேகம் பல மடங்கு கூடுவது நிரலெழுதும் எவரும் கண்டது. அதை விட்டுவிட்டு ஐந்து விழுக்காட்டுக்காகப் பயாஸ் திரையில் இரவுகளைக் கழிப்பது ஆய்வுத் தேவை அன்று, பொழுதுபோக்கு. பொழுதுபோக்கில் தவறில்லை, அதற்கு ஆய்வின் பெயரைச் சூட்டாதவரை.

இன்னொன்றும் உண்டு. தாம் ஓவர்கிளாக்கிங் செய்யவில்லை என்று நம்பும் பலர் செய்துகொண்டிருக்கிறார்கள். நினைவகத்தின் ‘எக்ஸ்எம்பி’ அமைப்பை இயக்குவதும் ஓவர்கிளாக்கிங்தான். கணினியைப் பொருத்தித் தரும் கடைக்காரர் அதை இயக்கித் தருவது உண்டு. சில தாய்ப்பலகைகள் செயலியின் மின்திறன் வரம்பைக் கேட்காமலேயே தளர்த்தி வைக்கின்றன. பிழை திருத்தும் நினைவகம் சாதாரண மேசைக்கணினிகளில் அரிது. ஆகவே ‘எதையும் தொடவில்லை’ என்பது உறுதிமொழி ஆகாது. பயாஸ் திரையைத் திறந்து பார்த்தவரே அதைச் சொல்ல முடியும்.

இதற்காகத் துறைகள் ஓவர்கிளாக்கிங்கைத் தடைசெய்ய வேண்டியதில்லை. செய்தாலும் விடுதி அறைகளில் அது நடக்கத்தான் போகிறது. கழிவுப் பட்டியலில் சேர்த்த பழைய கணினி ஒன்றை, பெருக்கி திறந்ததாகப் பார்த்து, மாணவர்களிடம் கொடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுவது, ஒவ்வொரு படியிலும் அறை வெப்பநிலையையும் குறித்துவைப்பது, தெரிந்த விடையுள்ள கணக்கை நூறு முறை ஓட்டி வேறுபாட்டை எண்ணுவது ஆகியவற்றைப் பாடப்புத்தகத்தைவிட அது நன்றாகக் கற்றுத்தரும். மே மாதத்தில், மின்விசிறி மட்டும் உள்ள அறையில் செய்யச் சொல்வது நல்லது.

ஆய்வுக் கணக்கு ஓடும் கணினிக்கோ எதிர்த்திசையே ஏற்றது. பத்து லட்சம் தனியாள் கணினிகளின் பழுதுகளைப் பற்றி மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட கட்டுரை, வேகமேற்றியவை கூடுதலாகப் பழுதுற்றதையும், அச்சிட்ட வேகத்துக்குக் கீழே ஓடியவை குறைவாகப் பழுதுற்றதையும் பதிவுசெய்தது. மின்திறன் வரம்பைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் இழப்பது சில நிமிடங்கள். ஆய்வேட்டின் முறையியல் இயலில், மென்பொருளின் பதிப்பு எண்ணை எழுதும் அதே வரியில், செயலியும் நினைவகமும் எந்த அமைப்பில் ஓடின, முடிவுகளில் எவற்றை வேறொரு கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்தார் என்பதையும் மாணவர் எழுதலாம். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கப் புறத்தேர்வாளருக்கு அரை நிமிடம் போதும்.