பந்துக்கும் தரகரா?

அமெரிக்காவில் வாலிபால் நன்றாய் ஆடும் பெண்கள் சிலர் சம்பளமின்றியே கல்லூரியில் படிக்கின்றார்கள். இது சாமி கொடுத்த வரமல்ல. சர்க்கார் பணம் பெறும் கல்விச்சாலைகளில் ஆண், பெண் பேதம் கூடாதென்று 1972-ல் செய்த சட்டத்தின் பலன்.

ஆனால் அங்கும் பூசாரிகள் முளைத்துவிட்டார்கள்! "பணங் கட்டு, உன் மகளுக்கு இடம் வாங்கித் தருகிறேன்" என்னும் தரகர்களையே சொல்லுகின்றோம்.

பெற்றோர்களே! விதிகளை நீங்களே படியுங்கள். கல்லூரிகள் மூன்று பிரிவு. முதற் பிரிவுக்கு 16 பாடங்களில் நான்குக்கு 2.3 சராசரியாவது வேண்டும். மூன்றாம் பிரிவில் ஆட்டத்திற்கென்று உதவித்தொகையே கிடையாது. பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன் முதற் பிரிவுப் பயிற்சியாளர் பெண்ணை அழைத்துப் பேசலாகாது. பெண்ணோ எப்பொழுதும் அவருக்கு எழுதலாம். இதில் தரகனுக்கு என்ன வேலை?

கடவுளுக்கே தரகன் வேண்டாமென்ற நாம், பந்துக்குத் தரகனை ஒப்புவோமா?