கேரட் மயில்

செப்டம்பர் வந்தால் அங்கன்வாடி வாசலில் கோலம், காய்கறிக் கண்காட்சி, கேரட்டில் செதுக்கிய மயில். ஊட்டச்சத்து மாதமாம். போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியதும் மயிலின் வேலை முடிந்துவிடும். தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. கீரையில் இரும்புச்சத்து இருப்பது தெரியாமலா இந்த நிலை? சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து உடலில் சேர்வது குறையும், எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் கூடும் என்பதை எத்தனை கூட்டங்களில் சமைத்துக் காட்டிச் சொல்கிறார்கள்? அதையும் காலை பதினோரு மணிக்குச் சொன்னால், களை எடுக்கப் போனவள் எப்படி வருவாள்? கூட்டத்தை மாலைக்கு மாற்ற வேண்டும். மாமியாரையும் கணவரையும் கட்டாயம் அழைக்க வேண்டும். பல வீடுகளில் பரிமாறுவதும் கடைக்குப் போவதும் அவர்கள்தானே. பாதாமும் ஆப்பிளும் போட்ட படத்தைக் கழற்றிவிட்டு, ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். 1980-இல் இங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, வளர்ச்சி அட்டையில் கோடு ஏறுகிறதா என்று பார்த்தார்கள். தேறாத பிள்ளைக்குத்தான் கூடுதல் உணவு. இப்போது எடை செல்போன் செயலிக்குள் போகிறது. பதிவேற்றும் முன் அந்தத் திரையைத் தாயின் பக்கம் ஒரு நிமிடம் திருப்பிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். அரசுக்கு ஒரு பைசா செலவில்லை.