ஏழைக்கும் இணையம் வேண்டும்!

2020-ல் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைபேசிக்குள் போயிற்று. விவசாயக் கூலியின் பிள்ளை என்ன செய்யும்? 2017-18 சர்க்கார் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் இணைய வசதியுள்ள வீடுகள் 100-க்கு 15தான், நகரங்களில் 42.

இணைய வசதி கல்வி உரிமையின் அங்கம் என்று 2019-ல் கேரள ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற வாக்குறுதியுடன் வந்தது கே-ஃபோன் திட்டம். 2023 ஜூனில் தொடங்கியபோது, முதற்கட்டத்துக்குக் குறிக்கப்பட்டவை தொகுதிக்கு 100 வீதம் 14,000 குடும்பங்களே. வழி சரி, வேகம் போதாது என்று பகிரங்கமாகவே சொல்கிறோம்.

ரேஷன் அட்டைக்கும் உதவித்தொகைக்கும் மனு இன்று இணையத்தில். இணைப்பில்லாத ஏழை சர்க்கார் வாசலை எப்படி மிதிப்பான்? ரோடும் தண்ணீரும் போல் இதுவும் பொது உரிமை. கொடுத்த வாக்கை முழுமையாக நிறைவேற்றுக என்று கோருகிறோம்!