கைப்பிடியும் முதுமையும்

பழைய மாணவர் ஒன்றுகூடும் நாளிற் கைலாகு கொடுத்துக் குசலம் விசாரித்தல் நம்மவர் வழக்கம். ஒருவர் பிடி இறுகியிருக்கும். இன்னொருவர் பிடி தளர்ந்திருக்கும். வயது போய்விட்டதென்று மனத்துட் கூறி அப்பாற் செல்கின்றோம். அத்தளர்ச்சி அத்துணை இலேசாகத் தள்ளிவிடத் தக்கதன்று.

17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரை நான்காண்டளவு தொடர்ந்து ஆராய்ந்தோர், 2015 ஆம் ஆண்டு லான்செற் என்னும் வைத்திய சஞ்சிகையில் தம் முடிபை வெளியிட்டனர். பிடிவலிமை 5 கிலோகிராம் குறையுந்தோறும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. அதனை முன்னறிவிப்பதிற் குருதியமுக்கத்தின் மேலளவினும் பிடிவலிமையே சிறந்து நின்றது.

கை எவ்வாறு உடல் முழுவதற்குஞ் சான்றாகும்? கையின் தசை மெலியுங்காற் பெரும்பாலும் தொடையின் தசையும் முதுகின் தசையும் உடன் மெலிகின்றன. தசை சுமை தூக்குதற்கு மட்டும் உரியதன்று. நோயுற்று உணவு செல்லாத நாட்களில் உடல் எடுத்தாளும் புரதச் சேமிப்பும் அதுவே. ஆதலாற் பிடி தளர்ந்தவர் காய்ச்சலிற் படுத்தால் மீண்டெழத் தாமதமாகின்றது. ஆசிய அறிஞர் குழுவொன்று 2019 இல் வகுத்த எல்லை ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 18 கிலோகிராம். ஆயினும் பிடி குறிகாட்டியேயன்றிக் காரணமன்று. இறப்பர்ப் பந்தை அமுக்கிக் கையை மாத்திரம் பலப்படுத்துதல், வெப்பமானியைக் குளிர்நீரில் நனைத்துக் காய்ச்சல் தணிந்ததெனக் கூறுவதை ஒக்கும்.

நம் வீடுகளில் நிகழ்வது யாது? தந்தையார் கிணற்றடியில் வாளியைத் தொட்டால் மகன் ஓடிவந்து பறிக்கின்றான். தாயார் திருவலையை எடுத்தால் மருமகள் தடுக்கின்றாள். அன்புதான்; யானும் அவ்வாறு செய்தவனே. ஆனால் உழையாத தசை தேய்கின்றது. அமெரிக்காவிலே 86 முதல் 96 வயது வரையான முதியோர்க்கு எட்டு வாரம் கால்களாற் பாரந்தூக்கும் பயிற்சி அளித்து, அதன் பேற்றை 1990 இல் வெளியிட்டனர். பயிற்சியை முடித்த ஒன்பதின்மரின் கால்வலிமை சராசரி 174 சதவீதம் பெருகிற்று. தொண்ணூறு வயதினர்க்கு இயன்றது எழுபது வயதினர்க்கு இயலாதோ?

விழாக்கால வைத்திய முகாம்களிற் சர்க்கரையும் குருதியமுக்கமும் பார்க்கின்றார்கள். அம்மேசையிற் பிடிவலிமை அளக்குங் கருவியொன்றும் வைத்தல் வேண்டும். கதிரையில் இருந்து, முழங்கையை மடித்து, சிலமுறை இறுகப் பற்றினாற் போதும். மேல்வகுப்பு மாணவரே அளவைக் குறித்துக்கொள்ளலாம். அக்காலத்துக் கயிறிழுத்தல் வீரர் சிலர் நாணிப் பின்னிற்பர். அவர்களையே முதலில் அழைத்தல் வேண்டும்.