மலைக்கு யார் பொறுப்பு?

மலைபோல் வந்த துன்பமும் பனிபோல் நீங்கும் என்று நம் வீட்டு முதியோர் ஆறுதல் கூறுவதுண்டு. ஆனால் மலையே துன்பமாக இறங்கி வந்தால் என் செய்வது? 2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் 'டித்வா' புயல் இலங்கையைத் தாக்கியபோது, மாத்தளை மாவட்டத்து மக்கள் இவ்வினாவை நேருக்கு நேர் சந்தித்தனர். நக்கிள்ஸ் மலைச்சாரலில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டிற்று. இறத்தோட்டை, உக்குவளை, அம்பன்கங்கைக் கோறளை முதலிய பிரிவுகளில் அபாயச் சரிவுகளில் வாழ்ந்தோரை வெளியேறுமாறு அறிவித்தனர்.

மழையைத் தருவது வானம். அதில் நமக்குப் பங்கில்லை. ஆயினும், அம்மழை விழும் சரிவை வெட்டியவரும், குடைந்தவரும், அதன்மேல் மண்ணைக் கொட்டியவரும் மனிதரே. பயனைப் பெற்றவர் விலகிச் சென்றபின் அம்மலையைக் காக்கும் கடமை எவருடையது? இதற்கு விடை காண உலகம் கற்ற மிகக் கசப்பான பாடம், வேல்ஸ் நாட்டில் அபர்பான் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் நிகழ்ந்தது.

சுரங்கத்திலிருந்து நிலக்கரி மட்டும் வெளிவருவதில்லை. பயனற்ற கல்லும் மண்ணும் சேறும் அதனோடு வருகின்றன. அபர்பானில் அவற்றை ஊருக்கு மேலேயுள்ள மலையில் குவியல் குவியலாகக் கொட்டினர். 1958 இல் தொடங்கப்பட்ட ஏழாவது குவியலின் அடியில் நீரூற்றுகள் இருந்தன. மாவு கரைக்கும் இல்லத்தரசிக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டுவதில்லை. அளவான நீரில் உருண்டையாக நிற்கும் மாவு, நீர் மிஞ்சினால் உருவிழந்து ஓடிவிடும். மண்ணும் அத்தகையதே. ஊர்மன்றப் பொறியியலாளர் ஒருவர் 1963 இலேயே, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இச்சேற்றைக் கொட்டுவது ஆபத்து என்று எழுதியிருந்தார். எழுதியது எழுத்தாகவே கிடந்தது.

1966 ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. விடுமுறைக்கு முந்திய கடைசிப் பள்ளி நாள். காலை ஒன்பதே கால் மணியளவில் அக்குவியல் பெயர்ந்து, பான்ட்கிளாஸ் ஆரம்பப் பாடசாலையையும் அயலிலிருந்த வீடுகளையும் மூடியது. மாண்டவர் 144 பேர்; அவருள் 116 பேர் குழந்தைகள். தந்தையர் பலர் சுரங்கத் தொழிலாளர். நிலக்கரியைத் தோண்டிய அதே கைகளால் தம் மக்களைத் தோண்டித் தேடினர்.

விசாரணை மன்றம் 1967 இல் தேசிய நிலக்கரிச் சபையே பொறுப்பாளி என்று தீர்ப்புரைத்தது. ஆயினும் ஒருவரேனும் தண்டிக்கப்படவில்லை. இறந்த குழந்தை ஒன்றுக்கு 500 பவுண் என இழப்பீடு கணக்கிடப்பட்டது. கொடுமை அதனோடு முடிந்ததா? எஞ்சிய குவியல்கள் ஊரின் தலைக்கு மேலேயே நின்றன. அவற்றை அகற்றித் தருமாறு பெற்றோர் மன்றாடினர். சபையும் அரசும் தயங்கின. இறுதியில், துயருற்றோருக்கென உலக மக்கள் அனுப்பிய அறநிதியிலிருந்து 150,000 பவுண் அச்செலவுக்கென வாங்கப்பட்டது! பிள்ளையைப் பறித்த மண்ணை அள்ளுவதற்கும் பிள்ளையைப் பறிகொடுத்தவரே கூலி கொடுக்க நேர்ந்தது. அப்பணம் வட்டியின்றித் திரும்பக் கிடைத்தது 1997 இல். அதன் மதிப்பிழப்பை உணர்ந்து வேல்ஸ் அரசு மேலும் 20 இலட்சம் பவுண் வழங்கியது 2007 இல்.

சுரங்கங்கள் மூடப்பட்டன, குவியல்கள் மூடப்படவில்லை. வேல்ஸில் இன்றும் 2,500 க்கு மேற்பட்ட பழைய நிலக்கரிக் குவியல்கள் உள்ளன. 2020 பெப்ரவரியில் பெய்த பெருமழையில் டைலர்ஸ்டவுன் என்னுமிடத்தில் அவற்றுள் ஒன்று சரிந்தது. நல்வினையால் உயிர்ச்சேதமில்லை. கைவிடப்பட்ட குவியல்களைக் கண்காணிக்கத் தனி அதிகாரசபை அமைக்கும் சட்டம் 2025 இல்தான் இயற்றப்பட்டது. அபர்பானிலிருந்து எண்ணினால் ஐம்பத்தொன்பது ஆண்டுகள்!

"நமக்கேது நிலக்கரிச் சுரங்கம்?" என்று வாசகர் கேட்கலாம். உண்மை. ஆனால் மாத்தளை மாவட்டத்தில் பெல்சுபார், படிகக்கல், தொலமைற்று, கருங்கல் ஆகியன வெட்டப்படுகின்றன. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டம், வெட்டிய நிலத்தை மீளச் சீராக்கும் கடமையை உரிமம் பெற்றவர் மீது சுமத்துகிறது. அதற்கான பிணைப்பணத்தை முன்கூட்டியே பெறவும் வழியுண்டு. இது நல்ல ஏற்பாடு. பிணைப்பணம் குழியை நிரப்பப் போதுமானதா, குழி உண்மையில் நிரப்பப்பட்டதா என்று கேட்பது ஊராரின் உரிமையாகும்.

தேயிலை மலைகளிலோ இக்கேள்வி இன்னும் சிக்கலானது. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை லயன் வரிசைகளை மண் விழுங்கியதை நாம் மறப்பதற்கில்லை. அங்கு ஆபத்துண்டு என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, லயன் அறையோ அதில் வாழ்ந்தவர் பெயரில் இல்லை. "வெளியேறுக" என்று சொல்ல ஆளிருந்தது. "இங்கே வந்து குடியேறுக" என்று இடம் காட்ட ஆளில்லை. தப்பியவர்களுக்கு 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டது 2016 இல். அவ்வீடுகள் 2013 இல் எழுந்திருந்தால்?

எல்கடுவையிலும் இறத்தோட்டையிலும் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கும் இதுவே வினா. எச்சரிக்கைத் துண்டு கடமையில் பாதி. மாற்று நிலம் மறுபாதி. முதற்பாதியை மட்டும் செய்துவிட்டு, "சொன்னோம், கேட்கவில்லை" எனக் கைகழுவுவது நீதியாகாது.

அந்நீதி வரும்வரை ஒவ்வோர் இல்லமும் செய்யக்கூடியது சில உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழித்திருங்கள். 100 ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாகுங்கள். 150 ஐத் தாண்டினால் வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவுகள் இவை. தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று, கதவு நிலை இறுகுதல் ஆகியவை கண்டால் மழையளவைப் பார்த்திருக்க வேண்டாம். குழந்தைகளுக்கும் இவற்றைச் சொல்லி வையுங்கள். கண்டதைக் கிராம சேவகருக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். "எவரும் முறையிடவில்லை" என்ற சாக்கு பின்னாளில் எழ இடம் தரலாகாது.

மலை நமக்குக் கல் தந்தது, கொழுந்து தந்தது, கூலியும் தந்தது. அதனால் செழித்தவர் எவரோ அவரே அதைக் காக்கும் செலவையும் ஏற்க வேண்டும். அதன் அடிவாரத்தில் உறங்கும் குழந்தை அச்செலவைத் தன் உயிரால் செலுத்தலாகாது.