சங்கிலியை அவிழ்த்தவர்கள்

எங்கள் ஆவடிப் பக்கம் ஒரு பெண் வீட்டில் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டால் போதும், ‘கீழ்ப்பாக்கத்துல கொண்டுபோய் விட்டுடுவேன்’ என்று மிரட்டுவார்கள். நிஜமாகவே அங்கே கொண்டுபோய் விடப்பட்ட பெண்ணைக் குளிப்பாட்டுவது யார், மாத்திரை கொடுப்பது யார், ராத்திரி கண்விழித்துப் பார்ப்பது யார் என்று மிரட்டுகிறவர்கள் யோசிப்பதில்லை. அந்த வேலையைச் செய்பவரும் பெரும்பாலும் ஒரு பெண்தான்.

இந்தப் பகுதியில் செவிலியர் மாணவிகளுக்கு நான் மனநலச் செவிலியம் கற்பிக்கிறேன். பாடத்தின் முதல் அலகு வரலாறு. பினெல் சங்கிலியை அவிழ்த்தார் என்பதில் தொடங்கி, ஆண்டுகளும் மருத்துவர்களின் பெயர்களுமாக வரிசையாகப் போகும். ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். நோயாளியோடு இருபத்துநாலு மணி நேரமும் இருந்தவர்களுக்கு மட்டும் அதில் இடமில்லை. என் சண்டை இந்த அலகோடுதான்.

பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் 1797-இல் ஆண் நோயாளிகளின் சங்கிலியைக் கழற்றியபோது மருத்துவர் பினெல் அங்கே இல்லை. இரண்டு வருடம் முன்பே அவர் பெண்களுக்கான சல்பெத்ரியேர் மருத்துவமனைக்குப் போய்விட்டார். கழற்றியவர் ழான்-பாப்திஸ்த் பூசேன். அதே பிசேத்ரில் நோயாளியாகச் சேர்ந்து, குணமாகி, அங்கேயே பராமரிப்பு வேலைக்கு அமர்ந்தவர். அவர் மனைவி மார்கரீத்தும் அவரோடு வேலை செய்தார். நோயாளிகளைக் கையாள்வதில் அந்த அம்மாளுக்கு இருந்த திறமையைப் பினெலே பாராட்டி எழுதியிருக்கிறார். ஆனால், 1876-இல் ரொபேர்-ஃப்ளூரி வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தின் நாயகர் பினெல். நம் பாடப்புத்தகத்தின் நாயகரும் அவரேதான்.

சென்னைக் கதையும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. 1794-இல் சர்ஜன் வாலண்டைன் கானலி இங்கே மனநோயாளிகளுக்கு ஒரு விடுதி தொடங்கினார். 1871-இல் காப்பகம் லோகாக்ஸ் தோட்டத்துக்கு வந்தது. 1922-இல் அது ‘மனநல மருத்துவமனை’ என்று பெயர் மாறியது. கட்டடமும் பெயரும் மாறிய கதை நமக்குத் தெரியும். பெண்கள் வார்டில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த ஆயாக்களில் ஒருத்தியின் பெயர்கூட நம் புத்தகத்தில் இல்லை.

ஏன் இல்லை? அதை அறிவுள்ள வேலையாக யாரும் கருதவில்லை. ஆண் செய்தால் உடல்பலம், பெண் செய்தால் பொறுமை என்று முடித்துவிட்டார்கள். ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சையின் பகுதி என்று ஒரு நூல் எழுதினார். 1948-இல் எழுதி முடித்த நூல் அச்சானது 1952-இல். மருத்துவர் ஒருவர் துணையாசிரியராக இல்லாமல் ஒரு செவிலியர் தனியாகப் புத்தகம் போடுவதா என்ற தயக்கமே தாமதத்துக்குக் காரணம். இன்று அந்த நூல் இல்லாமல் மனநலச் செவிலியப் படிப்பே இல்லை.

பொறுமைக்கும் அறிவுக்கும் என்ன வித்தியாசம்? சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறவரிடம் ‘இல்லை’ என்று வாதாடினால் அவர் நம்பிக்கை இன்னும் இறுகும். ‘ஆமாம்’ என்றும் சொல்லக் கூடாது. அவருடைய பயத்தை ஒப்புக்கொண்டு, அவர் கையாலேயே பிரிக்கும்படி பாக்கெட்டில் இருக்கும் உணவைக் கொடுத்துப் பார்க்கலாம். மூன்று வாரம் சுருண்டு கிடந்தவள் திடீரென்று முகம் தெளிந்து, தன் வளையலைக் கழற்றிப் பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்குக் கொடுத்தால் நிம்மதி அடையக் கூடாது. சாவதென்று முடிவெடுத்துவிட்ட தெளிவாகவும் அது இருக்கலாம். அன்றிரவு அவள்மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பொறுமையை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. படித்திருக்க வேண்டும், பக்கத்தில் இருக்கவும் வேண்டும்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. கட்டாய மொட்டை கூடாது, மாதவிடாய்க்குத் தேவையானவை கிடைக்க வேண்டும், சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். இவை நடக்கின்றனவா இல்லையா என்று தினமும் பார்ப்பவர் வார்டுச் செவிலியர். ஆனால், நோயாளியின் புகாரை விசாரிக்கும் மறுஆய்வு வாரியத்தில் யார் யார் இருக்கிறார்கள்? மாவட்ட நீதிபதி, ஆட்சியரின் பிரதிநிதி, ஒரு மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர், நோயாளிகள், பராமரிப்பவர்கள், அமைப்புகள் தரப்பில் இருவர். மருத்துவர்களுக்கு இரண்டு நாற்காலி உண்டு. செவிலியருக்கென்று ஒன்றுகூட இல்லை.

‘கட்டிப்போட்டதும் அடித்ததும் நீங்கள்தானே, உங்களுக்கு எதற்கு நாற்காலி?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாவிக்கொத்து எங்கள் இடுப்பில்தான் தொங்கியது. பெண்களைப் பூட்டி வைத்த கைகளில் பெண்களின் கைகளும் உண்டு. பெண்ணியம் பேசுகிற நாம் இதை மறைக்கக் கூடாது. ஆனால், முடிவெடுக்கும் அதிகாரம் ஒருவரிடமும் பூட்டுகிற வேலை இன்னொருவரிடமும் இருக்கும்வரை, பூட்டுகிறவள் பழியை மட்டுமே சுமப்பாள். தடுக்கும் பொறுப்பும் உரிமையும் அவளுக்கு வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். கண்விழித்துப் பார்க்க ஆள் போடாத இடத்தில் சங்கிலி போடுகிறார்கள். ஆள் போட்டால் சம்பளம் தர வேண்டும். அரசு எப்படித் தருகிறது என்பதையும் பார்த்தோம். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்ட ஒப்பந்தச் செவிலியர்களின் மாதச் சம்பளம் 7,700 ரூபாய்.

‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி டியூட்டின்னா மாப்பிள்ளை எப்படிம்மா கிடைக்கும்?’ என்று என்னிடம் கேட்கும் அம்மாக்களை நான் குறை சொல்லமாட்டேன். கூலியும் மரியாதையும் இல்லாத வேலைக்கு எந்த அம்மா மகளை மனசார அனுப்புவாள்?

எனவே கேட்போம். மறுஆய்வு வாரியத்தில் செவிலியருக்கு ஓர் இடம். இரவுப் பணிக்குப் போதுமான ஆட்கள். ஒப்பந்தம் இல்லாத நிரந்தர வேலை. மாணவிகள் ஒரு காரியத்தை இப்போதே தொடங்கலாம். சங்கிலியை அவிழ்த்தவர் யார் என்ற கேள்வி வந்தால் பூசேன் பெயரை எழுதுங்கள், பக்கத்திலேயே மார்கரீத்தின் பெயரையும் எழுதுங்கள். மதிப்பெண் குறைந்தால், திருத்தியவரிடம் போய் ஏன் என்று கேளுங்கள்.